பிச்சிக்கொடி வளர்ப்பு: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில், துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு பிச்சிக்கொடி நிற்கிறது. வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பதியன் போட்டுக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். பதியன் போன வீட்டிலிருந்து ஒரு மாதத்துக்குள் போன் வரும். மைனி, இலை பழுக்குது. அத்தை, பூக்கவே மாட்டேங்கு. அக்கா, ஆடு கடிச்சிட்டு. ஒரே பதிலைப் பலபேருக்குச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் இதை எழுதினேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். இனிமேல் பதியனோடு இதையும் சேர்த்துக் கொடுப்பதாக உத்தேசம்.

பிச்சியும் ஜாதிமல்லியும் ஒண்ணுதானா அக்கா?

ஒன்றுதான். வடக்கே ஜாதிமல்லி என்பார்கள். நமக்கும் நாகர்கோவில்காரர்களுக்கும் அது பிச்சி. தாவரவியலில் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களுக்கும் கோ 1 பிச்சி, கோ 2 பிச்சி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பேர் விஷயத்தில் தெற்குதான் ஜெயித்தது.

மதுரை மல்லி வேறு. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய அது ஜாஸ்மினம் சம்பக் என்கிற குண்டுமல்லி இனம். அது புதராக நிற்கும், பிச்சி மாதிரிப் படர்ந்து ஓடாது.

நர்சரியில பிச்சின்னு சொல்லித்தான் தந்தாங்க. பூக்கிறதுக்கு முன்னாடி எப்படிக் கண்டுபிடிக்க?

இலையைப் பாருங்கள். குண்டுமல்லிக்கு அகலமான ஒற்றை இலை. முல்லைக்கு ஒரு பெரிய இலை, அதன் காம்பில் காது மாதிரி இரண்டு குட்டி இலை. பிச்சிக்கு ஒரே ஈர்க்கில் இரண்டு பக்கமும் சோடி சோடியாகச் சிற்றிலைகள், நுனியில் ஒன்று கூர்மையாக, மற்றதைவிடப் பெரிதாக. எண்ணினால் பெரும்பாலும் ஏழு அல்லது ஒன்பது இருக்கும். மொட்டு வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். வெளிப்பக்கம் இளஞ்சிவப்புச் சாயம் பூசின மாதிரி இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நானே ஏமாந்தேன். முதன்முதலில் ஒரு நர்சரியில் பிச்சி என்று வாங்கி இரண்டு வருடம் வளர்த்தது நித்தியமல்லி. வருடம் முழுக்கப் பூத்தது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் காத்திருந்த வாசம் வரவில்லை.

எப்ப நடணும்? ஆடியில வச்சா நல்லா வரும்ங்காங்களே?

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் என்றால் ஆனி, ஆடியில் வைக்கலாம். அங்கே சாரல் இருக்கிறது. பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் அந்தச் சாரல் வந்து சேராது, காற்று மட்டும்தான் வரும். மலை இடைவெளி வழியாக வருகிற அந்த மேற்குக் காற்றில்தான் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலை சுற்றுகிறது. வேர் பிடிக்காத பிஞ்சுக் கொடி அதில் இரண்டே நாளில் காய்ந்து சருகாகிவிடும்.

நம் பக்கத்துக்குப் புரட்டாசிக் கடைசிதான் சரி. ஐப்பசி மழை வேர் பிடிக்க வைக்கும், தை வெயில் வருவதற்குள் செடி நிலைத்துவிடும். பங்குனி, சித்திரையில் யாராவது பதியன் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தொட்டியில் நிழலிலேயே வைத்திருந்து புரட்டாசியில் மண்ணுக்கு மாற்றுங்கள்.

எங்க ஊர் மண்ணு கரிசல். வருமா?

வரும், மேடு கட்டி வைத்தால். பிச்சிக்கு எந்த மண்ணும் சம்மதம், வேரில் தண்ணீர் தேங்குவது மட்டும் ஆகாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, அதே ஆழத்தில் குழி எடுங்கள். எடுத்த மண்ணில் பாதியோடு இரண்டு சட்டி மக்கிய தொழு உரம், ஒரு சட்டி ஓட்டுச் சில்லோ செங்கல் பொடியோ கலந்து, தரையைவிட முக்கால் அடி உயரமாக மூடுங்கள். எம் சாண்ட் போடுவதானால் அலசிப் போடுங்கள். அதிலுள்ள மாவுத்தூள் கரிசலோடு சேர்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலுக்கு இதற்கு நேர்மாறான வைத்தியம். அங்கே தண்ணீர் நிற்கவே நிற்காது. தொழு உரத்தை இரட்டிப்பாக்கி, மக்கிய தென்னை நார்க்கழிவும் சேருங்கள். ஆற்றங்கரை வண்டல் உள்ளவர்கள் குழி எடுத்து நட்டால் போதும், கொடுத்து வைத்தவர்கள்.

வீட்டுக்கு வடக்குப் பக்கம்தான் இடம் இருக்கு. வெயில் வருமா?

இந்தக் கேள்விக்கு நான் ரொம்ப நாள் "வராது" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், தப்பு. திருநெல்வேலி பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது டிகிரிகூட வடக்கே இல்லை. அதனால் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிவெயில் நமக்கு வடக்குப் பக்கமிருந்து விழும். அந்த மாதங்களில் மத்தியானம் உங்கள் நிழல் தெற்கே சாய்வதைப் பாருங்கள். பிச்சி பூக்கிற காலமும் பெரும்பாலும் அதுதான். ஆகவே வடக்குச் சுவர் என்று ஒதுக்க வேண்டாம்.

கணக்கு இதுதான்: பூக்கிற பருவத்தில் நேர் வெயில் ஆறு மணி நேரம், குறைந்தது ஐந்து. பக்கத்து வீட்டு மாடியும் வேப்பமரமும்தான் திசையைவிடப் பெரிய தடை.

தினமும் தண்ணி ஊத்தணுமா?

வேண்டாம். பிச்சி சாவது பெரும்பாலும் பாசத்தால்தான். நட்ட முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மண்ணில் வேரோடிய கொடிக்குக் கத்திரி வெயிலிலேயே மூன்று நாளைக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பார்த்துக்கொள்ளும்.

ஊற்றும்போது தூரில் ஊற்றாமல் ஓரடி தள்ளி வட்டமாக ஊற்றுங்கள். உறிஞ்சுகிற வேர் அங்கேதான் இருக்கிறது.

கொடின்னு சொன்னீங்க. அது பாட்டுக்குத் தரையில கெடக்கு, ஏற மாட்டேங்கு?

ஏறாது. அதற்குப் பாகல் மாதிரிப் பற்றுக்கம்பியும் கிடையாது, வெற்றிலை மாதிரிப் பிடிவேரும் கிடையாது. நீளமாக வளர்ந்து, சாய இடம் கிடைத்தால் சாயும், அவ்வளவுதான். நீங்கள்தான் தூக்கிக் கட்ட வேண்டும். வாழைநார் அல்லது பழைய சேலைக் கிழிசல் நல்லது. நைலான் கயிறும் கட்டுக்கம்பியும் தண்டு பருக்கும்போது உள்ளே அறுத்துவிடும்.

நெஞ்சளவு உயரத்தில் கம்பி கட்டி அதன்மேல் படுக்கையாகப் படர விடுவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். படுத்த கொம்பில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் பக்கக்கிளை கிளம்பும். நேரே மாடிக்கு ஏற்றினால் நுனியில் மட்டும் பூக்கும், நீங்கள் ஏணி தேடுவீர்கள், தெருவில் போகிறவர்கள் மணம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

தட்டட்டியில தொட்டியில வைக்கலாமா?

மொட்டைமாடியிலும் வைக்கலாம். பதினெட்டு அங்குல அகலத் தொட்டிக்குக் குறையாமல் பாருங்கள். தொட்டிக்கு மட்டும் தினமும் தண்ணீர் வேண்டும், சித்திரையில் இரண்டு வேளை. தரைச்சூடு வேரை வேகவைத்துவிடும், ஆகவே நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஆடிக் காற்றுக்கு மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டினாற்போல வைத்தால் மறைவு கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கொடியை வெட்டுகிற சமயத்தில், வேர்க்கட்டையும் சுற்றிலும் இரண்டு விரல் சீவிவிட்டுப் புது மண் போடுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஒரு ஐப்பசி அடைமழையில் நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் தட்டில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கிறது, கொடி தண்ணீர் இல்லாமல் வாடியது போல் தொங்குகிறது. அதைப் பார்த்து இன்னும் ஒரு குடம் ஊற்றியது என் புத்திசாலித்தனம். வேர் அழுகினாலும் இலை வாடத்தான் செய்யும் என்பது அப்போது தெரியாது.

என்ன உரம் போட? டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் போடுதேன்.

டீத்தூள் போடலாம், பாலும் சீனியும் போக அலசிவிட்டு. இல்லையென்றால் எறும்புதான் வளரும். முட்டை ஓட்டில் இருப்பது சுண்ணாம்பு. நம் பக்கத்து மண்ணிலும் போர்த் தண்ணீரிலும் அது ஏற்கெனவே போதுமானது இருக்கிறது. அடுப்புச் சாம்பலும் அப்படித்தான், கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

வருடத்துக்கு இரண்டு தடவை உரம் போதும் என்பது என் பழக்கம். கொடியை வெட்டினதும் ஒரு கூடை தொழு உரம், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள். ஆனியில் இன்னொரு தடவை இதில் பாதி. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து வாரா வாரம் ஊற்றுகிறவர்கள்தான் அடுத்த கேள்வியோடு வருகிறார்கள்.

கொடி பச்சைப்பசேல்னு வீட்டையே மூடிட்டு. ஒரு பூ கூட இல்ல. என்ன செய்ய?

என்னிடம் வருகிற போன்களில் பாதி இதுதான். பிச்சி பழைய கொம்பில் பூக்காது. புதிதாகத் துளிர்த்த கிளையின் நுனியில்தான் மொட்டுக் கொத்து வைக்கும். எத்தனை புது நுனி இருக்கிறதோ அத்தனை கொத்து. வெட்டாமல் விட்ட கொடி இருக்கிற கொம்பை நீட்டிக்கொண்டே போகும், நுனி பெருகாது. அதற்குக் கடலைப் புண்ணாக்கும் தினமும் தண்ணீரும் கிடைத்தால் பூக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஊட்டி வளர்த்த பிள்ளை வேலைக்குப் போன மாதிரிதான்.

முதலில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் இடத்தை மாற்றாமல் வேறு எது செய்தும் பயனில்லை. வெயில் போதுமென்றால் புண்ணாக்கை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் குறைத்து, கத்தரிக்கோலை எடுங்கள். நட்டு ஒரு வருடம்கூட ஆகாத கொடி என்றால் மட்டும் ஒன்றும் செய்ய வேண்டாம், பொறுங்கள்.

வெட்ட மனசு வரலியே. எவ்வளவு வெட்டணும்?

மனசு வராதவர்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அவர்கள் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டுவார்கள். மார்கழி நடுவில், அதாவது டிசம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து இரண்டரை அடி விட்டு மேலே உள்ளது எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். கணக்காகச் சொன்னால் 75 சென்டிமீட்டர். அதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற குச்சி, பென்சிலைவிட மெலிந்த குச்சி இவற்றையும் எடுத்துவிடுங்கள். மிச்ச இலைகளைக் கையாலேயே உருவிவிடலாம்.

வெட்டி முடித்துப் பார்த்தால் ஐந்தாறு விறகுக்குச்சியை நட்டு வைத்த மாதிரி இருக்கும். எங்கள் மாமியார் முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. இருபது நாளில் ஒவ்வொரு கணுவிலும் எள்ளளவு சிவப்பாக முளை எட்டிப்பார்த்தது. மாசியில் இலை, சித்திரையில் மொட்டு. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்மனுக்கும் கட்டிக் கொடுத்தது போக, மாமியாரே பக்கத்து வீட்டுக்கெல்லாம் பூ கொடுத்து அனுப்பினார்.

வருடம் ஒருமுறை பெரிய வெட்டு. பருவத்தின் நடுவில் ஒரு கிளை பூத்து ஓய்ந்ததும் அதன் நுனியை நாலு விரல் கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று வரும்.

மார்கழியில வெட்டினா பொங்கலுக்குப் பூ இருக்காதே?

வெட்டாவிட்டாலும் இருக்காது. பனி விழுகிற மார்கழி, தையில் பிச்சியும் மல்லியும் ஒடுங்கிவிடும். அதனால்தான் பொங்கல் சமயத்தில் சங்கரன்கோவில், தோவாளைச் சந்தைகளில் பூ விலை எகிறுகிறது. இரண்டு கொடி இருப்பவர்கள் ஒன்றை மார்கழியிலும் மற்றதை மாசியிலும் வெட்டிப் பார்க்கலாம். பூக்கிற காலம் கொஞ்சம் நீளும். பொங்கலுக்குக் காசு கொடுத்து வாங்குவதைத் தவிர வழியில்லை.

ஒரே பந்தல்ல பிச்சி, மல்லி, முல்லை மூணும் விடலாமா அண்ணி? பார்க்க அழகா இருக்குமே.

விடலாம், ஆனால் வெட்டும்போது அழுவீர்கள். மல்லிக்கு நவம்பர் கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரிக் கடைசி. பின்னிக்கொண்ட பிறகு எது எதன் கொம்பு என்று தெரியாமல் மூன்றையும் கெடுத்துக்கொள்வோம். ஆறடி இடைவெளி விட்டுத் தனித்தனியாக வையுங்கள்.

ஆடு வந்து மொட்டையா மேஞ்சிட்டு. செத்துருமா?

சாகாது. உங்களுக்கு மனசு வராத வேலையை ஆடு செய்திருக்கிறது. பிய்ந்து தொங்கும் நுனிகளை மட்டும் ஒழுங்காக வெட்டி, ஒரு கூடை தொழு உரம் போட்டு, வேலி கட்டுங்கள். ஆட்டுக்கும் ஒன்றும் ஆகாது, நீங்கள் மருந்து அடிக்காமல் இருந்திருந்தால்.

இலை மஞ்சளாகுது. தண்ணி பத்தலையா?

எந்த இலை என்று முதலில் பாருங்கள். தூரோரத்து முதிர்ந்த இலை மட்டும் பழுத்து விழுந்தால் அது வயசு. எல்லா இலையும் மஞ்சளாகித் தொய்ந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். என் தட்டுக் கதையைப் படியுங்கள்.

நுனியிலுள்ள இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்ட மாதிரித் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ அன்னபேதி உப்பு வாங்கி, லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. சுவரில் பட்டால் துருக்கறை போகாது, வெள்ளையடித்த வீட்டுக்காரர்கள் கவனம்.

ஆர்.ஓ. மெஷின்ல வீணாப்போற தண்ணிய ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது. போர்த் தண்ணீரைவிட மோசம். கொஞ்ச நாளில் இலை ஓரம் தீய்ந்த மாதிரிக் கருகும். அதை வைத்து வாசல் கழுவலாம். ராதாபுரம் பக்கம் போர்த் தண்ணீரே உப்பு என்பவர்கள், அரிசி களைந்த தண்ணீரையும் மழைத்தண்ணீரையும் முடிந்த மட்டும் கொடுங்கள். மழைக்காலத்தில் நல்ல மழை ஒன்று மண்ணை அலசிவிட்டுப் போக இடம் கொடுங்கள், மேடு கட்டச் சொன்னதன் இன்னொரு பயன் அது.

மொட்டு சிவப்பாயிட்டு. நோயா?

பிச்சி மொட்டு வெளிப்புறம் சிவக்கத்தான் செய்யும், அது அதன் நிறம். ஏழெட்டு பேர் இதற்காக மருந்து வாங்கி அடித்திருக்கிறார்கள். நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். மொட்டு நீளாமல் அடியில் வீங்கி, ஊதாவாகிச் சுருங்கி உதிர்ந்தால் மொட்டு ஈ. உள்ளே குட்டிப் புழு இருக்கும். இது மல்லியில் அதிகம். மொட்டில் ஓட்டை இருந்து, இரண்டு மூன்று மொட்டை நூலால் சேர்த்து ஒட்டினாற்போல இருந்தால் மொட்டுப்புழு.

இரண்டுக்கும் வீட்டளவில் முதல் வைத்தியம் பொறுக்குவது. கெட்ட மொட்டையும் கீழே விழுந்ததையும் தினமும் பொறுக்கி எரித்துவிடுங்கள். தூரைக் கொத்தி வெயில் படவிட்டால் மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழு சாகும். அப்புறம் வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் கொட்டையை இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, பிழிந்து, துளி காதி சோப்புக் கரைத்து அடியுங்கள். கடை மருந்தை நான் சொல்வதில்லை. தலையில் வைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொள்கிற பூ இது.

இலை, தண்டெல்லாம் வெள்ளையா கம்பளி மாதிரி படருது. பூஞ்சையா?

பூஞ்சை மாதிரித் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் செய்கிற வேலை. அது கடித்த இடத்தில் செடியே அந்த ரோமத்தை வளர்க்கிறது. பூஞ்சை மருந்து என்று கையில் கிடைத்ததை அடிப்பது வீண். அந்தக் கிளைகளை ஒரு சாண் கூடுதலாக வெட்டி எரியுங்கள். திரும்ப வந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம், சாயங்காலத்தில் மட்டும். உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும்.

வாசத்துக்குப் பாம்பு வருமாமே? ஆச்சி வைக்கவே கூடாதுங்கா.

பூ மணத்துக்குப் பாம்பு வருவதில்லை. அதற்கு எலியும் தவளையும்தான் வேண்டும். அடியில் சருகு குவிந்து, கொடி தரையோடு அடர்ந்து, ஈரமும் குளிர்ச்சியுமாக இருந்தால் தவளை வரும், பின்னாலேயே பாம்பு வரும். அது பிச்சியானாலும் சரி, சும்மா கிடக்கும் விறகுக் கட்டானாலும் சரி. தூரிலிருந்து இரண்டு அடிக்குக் கிளை இல்லாமல் சுத்தமாக வைத்து, சருகைக் கூட்டிவிடுங்கள். இருட்டில் பூப் பறிக்க டார்ச் இல்லாமல் போகாதீர்கள். ஆச்சி சொன்னதில் அந்த மட்டும் நியாயம் இருக்கிறது.

தீட்டு நேரத்துல தொட்டா கொடி பட்டுப்போகும்ங்காங்க, நெசமா?

இல்லை. எங்கள் கொடியை எல்லா நாளும் நான்தான் தொடுகிறேன்.

காலையில பறிச்ச மொட்டு சாயங்காலம் விரியவே இல்ல. ஏன்?

பிஞ்சில் பறித்திருப்பீர்கள். அன்று விரியப்போகிற மொட்டு மற்றவற்றைவிட நீண்டு, தலை பருத்து, சிவப்புக் கோட்டுக்கு இடையே வெள்ளை தெரியும். விரலால் லேசாகத் தொட்டாலே கையோடு வரும். இழுத்தால்தான் வருகிறது என்றால் அது நாளைக்கு உரியது. விட்டுவிடுங்கள். விடியற்காலையில், வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். பறித்ததைக் கழுவாதீர்கள், கசக்காதீர்கள், பிச்சி கை பட்டாலே பழுப்பேறும். வாழையிலையில் பரப்பி, ஈரத்துணி மூடி வைத்து, மத்தியானம் வாழைநாரில் கட்டினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக விரியும்.

அந்த நேரத்தை அது தவறுவதே இல்லை. பிச்சிக்குப் பழைய பேர் பித்திகம். நெடுநல்வாடையில், மழை மூடிப் பொழுது தெரியாத நாளில், தட்டில் வைத்த பித்திக மொட்டு விரிந்து மணப்பதை வைத்தே பெண்கள் மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுவார்கள். கரண்ட் போன ஒரு கார்த்திகை மழை நாளில் எங்கள் அடுக்களையிலும் அது நடந்தது. கடிகாரம் நின்றிருந்தது, டப்பாவுக்குள்ளிருந்து வாசம் வந்தது, மணி ஆறேகால்.

எங்க வீட்டுப் பிச்சிக்கு வாசமே இல்ல.

எப்போது மோந்து பார்த்தீர்கள்? விரியாத மொட்டுக்கு வாசம் கிடையாது. இரவில் வருகிற அந்துப்பூச்சிக்காகத்தான் இந்தப் பூ மணக்கிறது, ஆகவே பொழுது சாய்ந்த பிறகுதான் கடை திறக்கும். ராத்திரி எட்டு மணிக்கும் இல்லை என்றால், இரண்டாவது கேள்விக்குப் போய் இலையை எண்ணுங்கள்.

பதியன் எப்படிப் போடுதது? எனக்கும் சொல்லித் தாங்க.

பென்சில் கனமுள்ள, பாதி முற்றிய ஒரு தாழ்ந்த கொம்பைத் தேர்ந்தெடுங்கள். தரையோடு வளைத்து, தரையைத் தொடுகிற கணுவுக்குக் கீழ்ப்பக்கம் பிளேடால் ஒரு அங்குலம் சாய்வாகக் கீறுங்கள், கால்வாசி ஆழம் போதும். கீறல் மூடாமல் ஒரு தீக்குச்சி செருகி, மண்ணில் இரண்டு விரல் ஆழம் புதைத்து, மேலே ஒரு செங்கல் வையுங்கள். நுனி ஒரு முழம் வெளியே இருக்கட்டும். செங்கல் கொம்பை அமுக்கிப் பிடிப்பதோடு ஈரத்தையும் காக்கும்.

மூன்று, நாலு மாதம் ஆகும். பத்து நாளுக்கு ஒருமுறை தோண்டிப் பார்க்கிற ஆசாமிகளுக்கு வேர் பிடிக்காது. நுனியில் புதுத்துளிர் நன்றாக ஓடத் தொடங்கினால் தாய்க்கொடிப் பக்கம் வெட்டிவிட்டு, மேலும் பத்து நாள் அங்கேயே விட்டு எடுங்கள். மார்கழியில் வெட்டியெறிகிற கொம்புகளை நாலு கணு நீளத்துக்கு நறுக்கி, இரண்டு கணு மணலில் புதையச் செருகி நிழலில் வைத்தாலும் சில பிழைக்கும். எனக்குப் பத்துக்கு நாலு தேறும். பதியன் அநேகமாகத் தப்பாது.

வாடகை வீடு. வீடு மாறும்போது கொடியைத் தோண்டி எடுத்துட்டுப் போகலாமா?

மூன்று வயதுக்கு மேற்பட்ட கொடி என்றால் வேண்டாம். வேர் பரவியிருக்கும், பாதி அறுந்து போய்ப் புது இடத்தில் இழுத்துக்கொண்டு கிடக்கும். வீடு மாற வேண்டும் என்று பேச்சு வந்ததுமே இரண்டு கொம்பைப் பதியன் போட்டுவிடுங்கள். மண்ணில் போடாமல் பக்கத்தில் ஒரு சிறு தொட்டி வைத்து அதற்குள்ளேயே புதையுங்கள், நாள் வந்ததும் வெட்டித் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம். சாமான் வண்டியில் கடைசியாக ஏற்றி, ஈரச்சாக்கு சுற்றி, காற்றுப் படாமல் உள்பக்கம் வையுங்கள்.

தாய்க்கொடி அங்கேயே நிற்கட்டும். அடுத்து வருகிறவர்களுக்கு அதை எந்த மாதம் வெட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள், முடிந்தால் இந்தத் தாளையும் கொடுத்துவிட்டு.